முதலில் ஷிப்ட், பிறகு கல்லூரி

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. கோவை கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஐந்து வருடம் ஆகிறது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தால் கைக்கு 19,000 வரும்; இல்லாவிட்டால் 15,500. அப்பா இல்லை. அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் தங்கையும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாரம் ஒரு முறை ஷிப்ட் மாறும். போன வருடம் பி.இ. முடித்த ஒரு பையன் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிப் பொறியாளராக வந்தான். மைக்ரோமீட்டரைப் பிடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்று என் ஆய்வறிக்கையில் அவன் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். அன்றிலிருந்து எப்படியும் பி.இ. முடித்தே தீர வேண்டும் என்று இருக்கிறேன். மாலை நேர வகுப்பில் சேரலாமா? எந்தக் கல்லூரி நல்லது? ஒரு கன்சல்டன்சியில், வகுப்புக்கே போகாமல் வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டே வருடத்தில் பி.டெக். வாங்கித் தருகிறோம், 85,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நண்பர்களோ அஞ்சல் வழியில் பி.பி.ஏ. படி என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. கடைசியாக ஒன்று: கணக்கில் நான் சுமார். அந்தப் பையனிடமே பழைய நோட்டைக் கேட்கலாம் என்றால் மானம் இடம் கொடுக்கவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 85,000 ரூபாய்தான். அதை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அந்த ஆபீஸ் படியை இனி மிதிக்காதீர்கள். பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் நடத்த நம் நாட்டில் அனுமதி கிடையாது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி பெறாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் அது திரும்பும் என்றது நீதிமன்றம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டம் ரத்து. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பட்டம் வாங்கி, பதவி உயர்வும் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதர்கள், நாற்பது வயதுக்கு மேல் கால்குலஸ் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டி வந்தது. உங்களிடம் பேசிய ஆள் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் தொழிற்சாலையில் மூத்தவர்கள் யாராவது, 'ஏ.எம்.ஐ.இ. எழுதிவிடு, அதுவே பி.இ.க்குச் சமம்' என்றும் சொல்லக்கூடும். கல்லூரிக்குப் போகாமலே, பொறியாளர்கள் சங்கம் நடத்தும் தேர்வை எழுதித் தேறுவது அது. அவர்கள் காலத்தில் அது உண்மை. மில்லில் வேலை செய்துகொண்டே அதை எழுதி மேலே வந்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சமநிலை கிடையாது. அந்தக் கதவு மூடியாயிற்று.

பி.பி.ஏ. விஷயம் வேறு. அது பொய்ப் பட்டம் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற, அனுமதி பெற்ற இடத்தில் படித்தால் அது முறையான பட்டமே; நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே விதி வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் கேட்கும் அரசுத் தேர்வை எழுத நினைத்தால் அது போதும், செலவும் குறைவு. உங்கள் மனதில் இருப்பது அது இல்லையே. ஆய்வறிக்கையின் அடியில் இருக்கும் அந்தக் கையெழுத்து இடம்தானே உங்களுக்கு வேண்டும்? பி.பி.ஏ. உங்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காது.

ஆக, பகுதி நேர பி.இ. இதில் நான் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன். இருபத்திரண்டு வருடம் மாலை வகுப்பு எடுத்தவன் நான். காலை வகுப்பை விட அதைத்தான் அதிகம் விரும்பினேன் என்று என் துறைத் தலைவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

படிப்பு ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். டிப்ளமோ முடித்து, வேலை அனுபவமும் இருந்து, இப்போதும் வேலையில் இருப்பவர்களுக்காகவே வைத்த படிப்பு. சேர்க்கை தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு வழியாக நடக்கிறது. கோவையில் தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அவிநாசி சாலையில் சி.ஐ.டி. (கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி), பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி மூன்றும் இதைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவை. மதுரை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கும் அங்கங்கே கல்லூரி உண்டு. அனுபவம் எத்தனை வருடம், வேலை செய்யும் இடம் கல்லூரியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். அறிவிப்பை நீங்களே படியுங்கள், நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

'எந்தக் கல்லூரி நல்லது?' என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, மாலை ஆறு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது.

வாரம் ஒரு முறை ஷிப்ட் மாறும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். முழு விஷயமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மாலை வகுப்பு பெரும்பாலும் ஆறு, ஆறே காலுக்குத் தொடங்கி ஒன்பது மணி தாண்டி முடியும்; ஆய்வக வகுப்பு சனி ஞாயிறையும் எடுத்துக்கொள்ளும். மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாம் ஷிப்ட் வந்தால் அந்த வாரம் முழுக்க வகுப்பு போயிற்று. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் போனால், உடம்பு ஒரு நாள்கூடச் சுகமில்லாமல் போகாது என்று வைத்துக்கொண்டாலும் வருகை அறுபத்தாறு சதவீதத்தில் நிற்கும். தேர்வு எழுத எழுபத்தைந்து வேண்டும். இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் என்னிடம் சேர்ந்த பையன்களில் பாதிப் பேர் இதை முதல் செமஸ்டர் முடிவில்தான் போட்டார்கள், அதுவும் அலுவலகத்தில் அபராதம் கட்ட வரிசையில் நின்றுகொண்டு.

பத்து மணிக்குத் தொடங்கும் இரவு ஷிப்ட் பரவாயில்லை, வகுப்பை முடித்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்த ஒரு மாணவன் எனக்கு இருந்தான். நல்ல கெட்டிக்காரன். எட்டே முக்கால் மணிக்குக் கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருப்பதை அவனும் எழுதிக்கொண்டே இருப்பான்; ஒரு நாள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சமன்பாடு பாதி வரை சரியாக இருந்தது, அதற்குப் பிறகு பேனாக் கோடு சறுக்கிக்கொண்டே போய் பக்கத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. அந்த இடத்தில் தூங்கியிருக்கிறான். மூன்றாம் மாதம் விடியற்காலை வேலை முடிந்து வரும்போது பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். படிப்பும் அத்தோடு நின்றது. இரவு ஷிப்டோடு மாலை வகுப்பு வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, விண்ணப்பம் வாங்குவதற்கும் முன்னால், உங்கள் மேலாளரைப் பார்ப்பது. வேலை செய்யும் சான்றிதழும் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் எப்படியும் தொழிற்சாலையிலிருந்து வாங்கத்தான் போகிறீர்கள். அப்போதே ஷிப்டையும் பேசி முடித்துவிடுங்கள். எல்லோரும் ஜெனரல் ஷிப்ட் கேட்பார்கள். நான் நிரந்தர முதல் ஷிப்டைக் கேட்கச் சொல்வேன். ஜெனரல் ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும்; கை கழுவி, பஞ்ச் வைத்து, வண்டியை எடுத்து, சிக்னல் சிக்னலாக நின்று, பசியோடு முதல் வகுப்பில் நுழைவீர்கள். முதல் ஷிப்டுக்கு நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் இரண்டு மணிக்கு வெளியே வந்தால் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கி, அரை மணி நேரம் புத்தகத்தையும் புரட்டிவிட்டு வரலாம். என் வகுப்பில் மூன்றரை வருடமும் தாக்குப்பிடித்தவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பகல் தூக்கக்காரர்கள்தான். உங்கள் பிரிவில் இரண்டாம் ஷிப்டை விரும்பிச் செய்பவர் யாராவது இருப்பார், காலையில் குழந்தையைப் பள்ளிக்கு விட வேண்டியவர் போல. அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் மேலாளருக்கு மறுக்கக் காரணம் குறையும்.

அதே நாள் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: வேலையில் இருந்தபடியே பி.இ. முடித்தால் பொறியாளர் நிலைக்கு எடுப்பீர்களா? சில இடங்களில் எடுப்பார்கள். சில இடங்களில் டிப்ளமோவில் சேர்ந்தவன் ஓய்வு பெறும் வரை டிப்ளமோக்காரன்தான். இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் படிப்பை விட்டுவிடாதீர்கள். முடித்த பிறகு வேறு தொழிற்சாலை பார்க்க வேண்டியிருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் பல, வேலை அறிவிப்பிலேயே முழுநேரப் பட்டம் வேண்டும் என்று போட்டுவிடுகின்றன. அந்தக் கனவு இருந்தால் பகுதி நேரம் உதவாது.

அப்படியானால் வேலையை விட்டுவிடலாமா? டிப்ளமோ முடித்தவர்கள் முழுநேர பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், மூன்று வருடம். பகுதி நேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் அரை வருடம்தான் என்று பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று வருடமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தங்கை வேறு அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகும். பகுதி நேரத்தில் படித்தால் இருபத்தெட்டில் பட்டமும் எட்டு வருடத்துக்கு மேல் அனுபவமும் கையில் இருக்கும். உங்கள் வீட்டு நிலையில் நான் வேலையை விடச் சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கில் எல்லோரும் கல்விக் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். பெரிய செலவு அது இல்லை, கையை விட்டுப் போகும் ஓ.டி. பணம்தான். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து உங்கள் சம்பளம் 15,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,500 வீதம் நாற்பத்திரண்டு மாதத்துக்கு 1,47,000 ரூபாய். இதை அம்மாவிடம் சேருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இந்த மாதமே தொடங்கி, ஓ.டி. பணத்தைத் தொடாமல் தனியாக ஒரு கணக்கில் போட்டு வீட்டை ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் ஓடிவிட்டால் மூன்றரை வருடமும் ஓடும், சேர்ந்த பணம் முதல் கட்டணத்துக்கும் ஆகும். தீபாவளி போனஸை அடுத்த செமஸ்டருக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். புது போன் வேண்டாம்.

இனி எந்தக் கல்லூரி என்ற அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கல்லூரி வாசலில் போய் நில்லுங்கள். திங்கள் வேண்டாம், அன்று எல்லோரும் வருவார்கள். புதன்கிழமை எத்தனை வண்டிகள் வெளியே வருகின்றன என்று பாருங்கள். இரண்டு பேரை நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா? இரவில் ஆய்வகத்தைத் திறந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா? பகல் வகுப்பு ஆசிரியர்களே மாலையும் எடுக்கிறார்களா? நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது? முதல் செமஸ்டரில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் வராது. பிறகு அங்கிருந்து உங்கள் வீடு வரை அதே நேரத்தில் வண்டி ஓட்டிப் பாருங்கள். கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம் வழியாகப் பீளமேடு போவது ஒரு விதம். ஆறு மணிக்கு ஊரைக் குறுக்கே வெட்டித் தடாகம் சாலைக்குப் போவது வேறு விதம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, அது பெரிய விஷயம்தான். ஆனால் தினம் இருபது நிமிடம் தாமதமாகப் போய் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருபவன் முதலில் கணக்கை விடுவான், பிறகு வகுப்பை விடுவான்.

பிரிவு மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மெக்கானிக்கலிலேயே இருங்கள். மாலை வகுப்பின் ருசியே அதில்தான். ஒரு முறை பொருள்களின் வலிமை வகுப்பில், வார்ப்பட ஆலையில் வேலை செய்யும் ஒரு மாணவன் செய்தித்தாளில் சுற்றி எதையோ கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். உடைந்த பம்ப் தண்டு. 'சார், மாதத்துக்கு இரண்டு இப்படிப் போகிறது, மெட்டீரியல் சரியில்லை என்று சப்ளையரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்' என்றான். உடைந்த முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தோம். கீவேயின், அதாவது சாவிக்கட்டை உட்காரத் தண்டில் வெட்டிய பள்ளத்தின், ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாகப் போயிருந்தது. கடைசியில் ஒரு சின்ன இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. ஒரே நாளில் உடைந்தது இல்லை, சுழலச் சுழலக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல். மூலையை நகத்தால் தடவிப் பார்த்தான். கத்தி மாதிரி இருந்தது. 'ரேடியஸ் விடவே இல்லை சார்' என்று அவனே சொன்னான். மூலை கூராக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும் என்று படத்தில் இருந்த ரேடியஸை, டூல் மாற்றச் சோம்பல்பட்டு யாரோ விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூலைகளில் தகைவு (ஸ்ட்ரெஸ்) ஏன் குவிகிறது என்று நான் அரை மணி நேரம் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பகல் வகுப்பில் இதே பாடத்துக்கு வந்த ஒரே கேள்வி, 'இது தேர்வுக்கு வருமா?'

தர ஆய்வில் ஐந்து வருடம் இருந்த உங்களிடம் இப்படி நூறு தண்டுகள் இருக்கும். கம்ப்யூட்டர் படிப்புக்குப் போனால் அத்தனையையும் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆங்கிலப் புத்தகத்தைப் பற்றிப் பயம் இருந்தால், அது இரண்டு மாதத்தில் போய்விடும். கணக்கு போகாது, அதைத்தான் கவனிக்க வேண்டும். பகுதி நேர பி.இ.யில் கழுத்தைப் பிடிப்பது ஆரம்பத்திலேயே வரும் கணக்குத் தாள்கள்தான். அங்கே விழும் அரியர் கடைசி செமஸ்டர் வரை கூடவே வரும். டிப்ளமோவில் முதல் வருடம் படித்த வகையிடலும் தொகையிடலும் இப்போது உங்களுக்கு நினைவிருக்காது, யாருக்குமே இருக்காது. வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே தினம் அரை மணி நேரம், பழைய டிப்ளமோ கணக்குப் புத்தகத்திலிருந்து பத்துக் கணக்கு. கையால் எழுத வேண்டும். காணொளி பார்த்துத் தலையாட்டினால் ஆகாது.

அந்தப் பையனிடம் நோட்டு கேட்பது பற்றி. கேளுங்கள். மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியாமல் உங்கள் முன்னால் நின்ற அன்று அவனுக்கும் மானம் இருந்திருக்கும், இருந்தாலும் கேட்டான். அவனுடைய முதல் வருடக் கணக்கு நோட்டு இப்போது அவன் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறானா என்று நாளைக்கே விசாரித்துவிடுங்கள். அவன் அம்மா எடைக்குப் போட்டுவிடப் போகிறார்.